கஷாயத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

சில மூலிகைகளுக்கு பிரஷரைக் குறைக்கும் சக்தி உண்டு. இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. சக்தி உண்டு என்பதால்தான் இவ்வளவு கவலையோடு இதை எழுதுகிறேன். "இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிக்கொண்டே காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் குடிப்பவர்கள் என் வீட்டிலும் இருக்கிறார்கள், தெருவிலும் இருக்கிறார்கள். ஒன்றும் பண்ணாத பொருள் பிரஷரையும் ஒன்றும் பண்ணாது. உடம்புக்குள் போய் வேலை செய்கிறது என்றால் அளவு, நேரம், ஒவ்வாமை, வேறு மருந்தோடு மோதுவது எல்லாம் அதற்கும் உண்டுதான்.

இதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது: சர்ப்பகந்தா வேர். பம்பாயில் இருந்த இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், அந்த வேரை பிரஷர் நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பலனை 1949-ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். மேல்நாட்டு மருத்துவர்கள் அதன் பிறகுதான் அந்த வேரின் பக்கம் திரும்பினார்கள். 1952-ல் ஸ்விட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் அதிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஐம்பதுகளில் பிரஷருக்கு உலகமெங்கும் கொடுத்த மாத்திரைகளில் அது முக்கியமான ஒன்று. வக்கீலுக்கு 1957-ல் லாஸ்கர் விருதும் கிடைத்தது. ஆனால் அதே ரெசர்பின் மூக்கடைப்பைக் கொடுத்தது, மந்தத்தைக் கொடுத்தது, அளவு கூடியபோது சிலரை மனச்சோர்வில் தள்ளியது. அதைவிடத் தோதான மாத்திரைகள் வந்ததும் அது பின்னுக்குப் போய்விட்டது. நம் மண்ணில் முளைத்த ஒரு வேர் இவ்வளவு செய்திருக்கிறது. அதை 'சும்மா ஒரு வேர்' என்று நினைத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்குவது அந்த வேருக்கு நாம் கொடுக்கிற மரியாதை ஆகாது.

எங்கள் கடலூரின் திருப்பாப்புலியூர் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். "அண்ணே, பிரஷருக்கு என்ன இருக்கு?" என்று கேட்டு வருபவர்கள் ஓயவே மாட்டார்கள். மருதம்பட்டைப் பொடி, வெண்தாமரைச் சூரணம், ஆவாரம்பூ, நீர்முள்ளி, சிறுபீளை, நெருஞ்சில் என்று பொட்டலங்கள் மடிந்துகொண்டே இருக்கும். பாண்டிச்சேரி பக்கம் போனால் அதே சரக்கு கண்ணாடிச் சீசாவில், அழகான லேபிளோடு, நாலைந்து மடங்கு விலையில் 'ஹெர்பல் டீ' ஆகிவிடுகிறது. பெரிய மார்க்கெட்டில் சில்லறையாகக் கிடைப்பதும் ஒயிட் டவுன் கடைகளில் பரிசுப் பெட்டியில் கிடைப்பதும் பல சமயம் ஒரே பூ, ஒரே பட்டைதான். வாங்குகிறவர்களைப் பார்த்தால், முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே ஏதோ ஒரு பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள். என் கவலையே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு நடந்ததைச் சொன்னால் புரியும். பிரஷருக்கு எனாலப்ரில் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். சில மாதம் போனதும் வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, ராத்திரியில் தொண்டையில் ஏதோ அரிக்கிற மாதிரி ஒரு இருமல். எனாலப்ரில், ராமிப்ரில் மாதிரி மாத்திரைகளுக்கு இப்படி ஒரு குணம் உண்டு. பிராடிகைனின் என்ற பொருள் உடம்பில் உடையாமல் தேங்குவதால் இருமல் வரும் என்கிறார்கள். அக்காவுக்கு அது தெரியாது. இருமல் என்றால் அதிமதுரம் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். அதிமதுரம், சித்தரத்தை, மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துத் தினம் இரண்டு வேளை குடிக்க ஆரம்பித்தார். இருமல் கொஞ்சம் மட்டுப்பட்டது. பிரஷர் ஏறியது. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். அப்படியும் இறங்கவில்லை. கால் வீங்கியது, ஆளே அசந்துபோனார். கஷாயத்தைப் பற்றி அவர் ஒரு தடவைகூட டாக்டரிடம் வாயைத் திறக்கவில்லை. கேட்டால், "அது மருந்தா என்ன, தொண்டைக்குக் குடிக்கிறது" என்பார்.

அதிமதுரம் பிரஷரை ஏற்றும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் மருத்துவத்தில் தெரிந்த விஷயம் இது. அதில் இருக்கும் கிளிசிரைசின் என்ற இனிப்புப் பொருள், சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அடக்கி வைக்கும் ஒரு நொதியை வேலை செய்யவிடாமல் தடுத்துவிடுகிறது. அடங்காத கார்ட்டிசால், உப்பைப் பிடித்து வைக்கும் ஹார்மோனின் வேலையைச் செய்ய ஆரம்பிக்கிறது. உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும். கால் வீக்கம், தசை அசதி, சிலருக்குப் படபடப்பு என்று அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக வரும். கிளிசிரைசின் நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது ஐரோப்பிய நிபுணர் குழு வைத்த எல்லை. வேரில் அது சில சதவீதம் இருப்பதால் தினம் மூன்று கிராம் பொடியிலேயே அந்த எல்லையை எட்டிவிடலாம். ஜலதோஷத்துக்கு நாலு நாள் குடிப்பதைப் பற்றி நான் பேசவில்லை. மாதக்கணக்கில், பிரஷர்காரர்கள், தினமும் குடிப்பதைத்தான் சொல்கிறேன். கடையில் விற்கும் 'மூலிகை டீ' பாக்கெட்டுகள் பலவற்றில் இனிப்புக்காக அதிமதுரம் சேர்த்திருப்பார்கள். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டாவது படித்துவிடுங்கள்.

அக்காவின் முடிச்சை அவிழ்த்தது புதிதாக வந்த ஓர் இளம் டாக்டர். அவர் பெரிய சோதனை எதுவும் செய்யவில்லை. "மாத்திரை தவிர வேற என்னம்மா குடிக்கிறீங்க, சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். அக்கா கஷாயத்தைச் சொன்னதும் எனாலப்ரிலை நிறுத்தி டெல்மிசார்டான் எழுதிக் கொடுத்தார், கஷாயத்தை விடச் சொன்னார். சில வாரத்தில் இருமலும் போயிற்று, பிரஷரும் இறங்கியது. அந்த ஒரு கேள்வியை எல்லா டாக்டர்களும் கேட்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். கேட்காவிட்டால் நாமே சொல்லிவிட வேண்டும்.

சரி, நல்லது செய்யும் பானம் எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது புளிப்புச் செம்பருத்தி டீ. வீட்டு வாசலில் பூஜைக்குப் பறிக்கிறோமே, அந்தச் செம்பருத்தி இதுவல்ல. ஆந்திரக்காரர்கள் கோங்குரா என்று துவையல் அரைக்கிற செடியின் இனம் இது. பூ உதிர்ந்த பிறகு நிற்கும் தடித்த சிவப்புப் புல்லிகளைக் காயவைத்து விற்பார்கள். வெந்நீரில் போட்டால் தண்ணீர் நல்ல மாதுளைச் சிவப்பாகும், நாக்கில் புளி மாதிரி சுரீரென்று புளிக்கும். எகிப்தில் இதைக் கர்கதே என்று காலங்காலமாகக் குடிக்கிறார்கள். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டயான் மெக்கே குழுவினர் 65 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2010-ல் வெளியிட்டார்கள். பிரஷர் லேசாக ஏறியிருந்தவர்கள், மாத்திரை எதுவும் போடாதவர்கள். ஆறு வாரம், தினம் மூன்று கப், ஒரு கப் 240 மில்லி. குடித்தவர்களுக்கு பிரஷரின் மேல் எண் (120-க்கு 80 என்பதில் அந்த 120) சராசரியாக 7 புள்ளி இறங்கியது. அதே நிறத்தில், அதே சுவையில் போலி பானம் குடித்தவர்களுக்கு ஒரு புள்ளிதான் இறங்கியது.

ஏழு புள்ளி சின்ன விஷயமில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கில், மேல் எண்ணைப் பத்துப் புள்ளி இறக்கினால் பக்கவாத ஆபத்து கால் பங்குக்கு மேல் குறைகிறது. ஆனால் 145 உள்ளவருக்கு ஏழு புள்ளி இறங்குவதும் 175 உள்ளவருக்கு இறங்குவதும் ஒன்றல்ல. 175-ஐ டீ மட்டும் வைத்து 130-க்குக் கொண்டுவர முடியாது. முயற்சி செய்து பார்க்கிறேன் என்று மாத்திரையை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. அதிலும் அட்டெனலால், குளோனிடின் மாதிரி மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் பிரஷரும் நாடித்துடிப்பும் முன்பைவிட மேலே எகிறும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பீட்ரூட் சாறு: லண்டனில் 68 நோயாளிகளுக்குத் தினம் 250 மில்லி வீதம் நாலு வாரம் கொடுத்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில் மேல் எண் எட்டுப் புள்ளி அளவுக்கு இறங்கியது, சாற்றை நிறுத்தியதும் பழையபடி ஏறிவிட்டது. பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட்டை நம் நாக்கில் வாழும் பாக்டீரியாக்கள் மாற்றிக் கொடுப்பதால்தான் ரத்தக்குழாய் தளர்கிறது. கிருமிநாசினி மவுத்வாஷால் தினம் வாய் கொப்பளித்தால் அந்த வேலை நடக்காது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் இதைத் தினம் குடிக்கக் கூடாது. பூண்டு: ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது, பெரும்பாலும் பதப்படுத்திய பூண்டு மாத்திரைகளில். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போடுகிறவர்கள் பூண்டு மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். குழம்பில் போடும் பூண்டுக்கு இந்தப் பயம் தேவையில்லை. மக்னீசியம் மாத்திரை: சராசரியாக இரண்டு புள்ளி குறையும், அவ்வளவுதான். மீன் எண்ணெய் மாத்திரையும் பெரிதாக ஒன்றும் கூடுதலாகச் செய்துவிடாது. தேவனாம்பட்டினம் கரையில் மத்தியும் கானாங்கெளுத்தியும் இறங்கும் ஊரில் இருந்துகொண்டு அதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத்தான் வேண்டுமா? மருதம்பட்டைக்கும் வெண்தாமரைக்கும் சித்த மருத்துவத்தில் நெடுநாள் வழக்கம் இருக்கிறது, பெரிய அளவிலான ஆய்வுகள்தான் குறைவு. அவற்றை எடுக்க விரும்பினால் பதிவு பெற்ற சித்த மருத்துவரைப் பார்த்து, நாடியைக் காட்டி, வயது, போடுகிற மாத்திரை எல்லாவற்றையும் சொல்லி வாங்குங்கள். கடைக்காரரிடம் நோயைச் சொல்லிப் பொட்டலம் வாங்குவதை வைத்தியம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இனி உப்பு. கஷாயத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பிரஷர் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். நமது உப்பு நாடு. வடக்கே மரக்காணத்தில் உப்பளம், பாண்டிச்சேரிக்குள்ளேயே உப்பளம் என்று ஒரு பகுதி, கடலூரில் உப்பனாறு. உப்பும் கருவாடும் இல்லாமல் எங்கள் ஊர்ச் சமையல் இல்லை. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் கருவாட்டுக் குழம்பு வாரத்தில் எத்தனை தடவை கொதிக்கும் என்று கடற்கரைக் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி. குழம்பு, ரசம், பொரியல், மோர், இட்லி மாவு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு தேக்கரண்டி. எங்கள் பெரியம்மா செம்பருத்தி டீயை நேரம் தவறாமல் குடிப்பார். மதியம் தயிர்ச்சோற்றுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் இரண்டு துண்டு வைத்துக்கொள்வார். "இந்துப்புலதான் பாப்பா ஊறுகாய் போட்டேன், அது பிரஷர் ஏத்தாது" என்றார். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நிறம் இளஞ்சிவப்பாக இருப்பதால் ரத்தக்குழாய் அதைத் தனியாக நடத்தாது. பெரியம்மாவுக்கு இது மனவருத்தம்தான், ஆனாலும் ஏற்றுக்கொண்டார். இப்போது கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவிய பிறகே குழம்பில் போடுகிறார், அந்தக் குழம்புக்குத் தனியாக உப்புப் போடுவதில்லை.

உப்பை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு, 2021-ல் வெளியானது. சாதாரண உப்புக்குப் பதிலாக, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைச் சமையலுக்குக் கொடுத்தார்கள். ஐந்து வருடத்தில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. மூலிகை டீ எதற்கும் இந்த அளவு சான்று கிடையாது.

இந்த உப்பு இப்போது நம் கடைகளிலும் கிடைக்கிறது. ஆனால் எல்லாருக்கும் ஆகாது, அந்தச் சீன ஆய்விலேயே கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. டெல்மிசார்டான், லோசார்டான், எனாலப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் ஆகிய மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர் இந்த மாத்திரையும் போட்டு, பொட்டாசிய உப்பும் சேர்த்து, தினம் இளநீரும் குடித்து, சீசனில் பண்ருட்டிப் பலாச்சுளையும் அள்ளிச் சாப்பிட்டால், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தடுமாறும். இளநீரும் பலாவும் நல்ல பொருள்தான், சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு பிரஷருக்கே நல்லது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் ரத்தத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நீர்முள்ளி, சிறுபீளை, நெருஞ்சில் கஷாயக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இவை சிறுநீரைப் பெருக்கத்தான் நம் வைத்தியத்தில் கொடுக்கப்படுகின்றன. டாக்டர் எழுதிய மாத்திரையிலும் குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் பிரிக்கும் மருந்து இருக்கலாம். கத்திரி வெயிலில், வேர்த்துக் கொட்டும் கடலூரில், இரண்டையும் சேர்த்தால் எழுந்து நிற்கும்போது கண் இருண்டு விழுவது சாதாரணமாக நடக்கும். வயதானவர்களுக்கு அந்த ஒரு விழுதல் போதும், இடுப்பெலும்பு முறிந்துவிடும். அப்புறம், மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும். இதைச் சொன்னால் நிறையப் பேர் ஆச்சரியப்படுகிறார்கள்.

குடிக்கிற டீ உங்களுக்கு உதவுகிறதா என்று எப்படித் தெரியும்? தலை லேசாக இருக்கிறது, தூக்கம் நன்றாக வருகிறது என்பதை வைத்துத் தெரியாது. பிரஷர் 180 இருந்தும் ஒன்றும் தெரியாமல் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். மேல்கையில் பட்டை சுற்றும் கருவி ஒன்று வீட்டில் இருக்கட்டும், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் காபி, டீ வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுத வேண்டும். டீ தொடங்கும் முன் ஒரு வாரம் காலை மாலை எழுதுங்கள், மாத்திரையை மாற்றாமல் டீயைச் சேர்த்து ஆறு வாரம் எழுதுங்கள். நோட்டு சொல்லும். வீட்டில் பார்க்கும்போது 135-க்கு 85 என்பதைத் தாண்டினால் அதிகம்தான். எண் நன்றாக இறங்கியிருந்தால் மாத்திரையைக் குறைப்பதா என்பதை நோட்டைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். 180-க்கு 120-ஐத் தொட்டு, கூடவே நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் கை கால் சோர்வது எது இருந்தாலும், கஷாயத்துக்கு அடுப்பைப் பற்ற வைக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

'பிரஷரை 30 நாளில் வேரோடு அழிக்கும்' என்று பேருந்து நிலையச் சுவரிலும் போனிலும் வரும் விளம்பரங்கள் சட்டப்படியே குற்றம். 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் பட்டியலில் உயர் ரத்த அழுத்தமும் இருக்கிறது, அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே கூடாது. பெயரும் உட்பொருளும் இல்லாத பொடி, சூரணம் எதையும் வாங்காதீர்கள். பாஸ்டன் நகரக் கடைகளில் தெற்காசிய மூலிகை மருந்துகள் 70-ஐ வாங்கிச் சோதித்தபோது 14-ல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்ததாக 2004-ல் வெளியானது. பொடி வாங்கினால் உற்பத்தி உரிம எண், தேதி, உட்பொருள் பட்டியல் மூன்றையும் பாருங்கள்.

நம் ஆட்கள் டாக்டரிடம் ஏன் சொல்வதில்லை என்று நிறைய யோசித்திருக்கிறேன். வரிசையில் நூறு பேர் நிற்கும்போது கஷாயத்தைப் பற்றிப் பேச நேரம் ஏது என்ற கூச்சம் ஒன்று. திட்டுவார் என்ற பயம் இன்னொன்று, சில டாக்டர்கள் திட்டவும் செய்கிறார்கள். திட்டினால் நோயாளி கஷாயத்தை விடமாட்டார், சொல்வதைத்தான் விட்டுவிடுவார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் அம்மாவுக்கு யார் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது அத்துப்படி. "இது என்ன குடிக்கிறீங்க பெரியம்மா?" என்று அவர் கேட்டு எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் சேர்த்தால் எவ்வளவோ நடக்கும்.

பெரியம்மா போன மாதம் செம்பருத்தி டீ பாக்கெட்டையும் மருதம்பட்டைப் பொடியையும் மாத்திரை அட்டைகளோடு ஒரே பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போனார். டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். டீ இரண்டு கப் குடிக்கலாம், சர்க்கரை வேண்டாம், வயிறு எரிந்தால் நிறுத்திவிட வேண்டும் என்றார். பொடியின் அட்டையில் உட்பொருள் முழுதாக இல்லை, அதை வேண்டாம் என்றார். கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க எழுதிக் கொடுத்தார். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.